ஒரு வசனத்தில் சொல்லுங்கள்

கடலைப் பார்த்துக்கொண்டு வேலை செய்கிற பாக்கியம் எல்லாக் கந்தோருக்கும் கிடைப்பதில்லை. திருகோணமலைத் துறைமுகத்தின் ஓரத்தில் இருந்த கரைத் தொடர்பு நிலையத்துக்கு அது கிடைத்திருந்தது. அங்கே வேலை செய்தவர்களின் உற்பத்தித் திறன் குறைந்ததற்கு அதுதான் காரணம் என்று கண்டுபிடித்த பிறகு, யன்னலை மறைத்து ஒரு பெரிய ஒட்டுப்படத்தை ஒட்டினார்கள். படத்தில் இருந்ததும் கடல்தான். அலையில்லாத நீலக் கடல், ஓரத்தில் ஒரு தென்னை. ஊழியர்களுக்குக் கடல் பிடிக்கும் என்பதையும் யோசித்துத்தான் செய்திருந்தார்கள்.

நிலையத்தின் பெயர்ப்பலகையில் மூன்று மொழியில் என்னென்னவோ எழுதியிருந்தது. ஆனால் வேலை ஒன்றுதான்: கடலுக்குப் போகிற தோணிகளோடு வானொலிச் செட்டில் கதைப்பது, யாருக்காவது ஆபத்தென்றால் மீட்புப் படகை அனுப்புவது. பகல் முழுக்க அந்தச் செட்டுக்கு முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தவர் மஹ்ரூப். கின்னியாவில் பிறந்து, கின்னியாவிலேயே கலியாணம் முடித்து, தினமும் பாலத்தைத் தாண்டி பஸ்ஸில் வேலைக்கு வருகிற மனிதர். குரல் நல்ல குரல். அதைக் கேட்டால் கடலில் நிற்பவனுக்குக் கரை பக்கத்தில் இருக்கிறது என்று தோன்றும்.

கின்னியாக் கடற்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கடலில் நின்றுகொண்டு கெட்ட சொல் சொல்லமாட்டார்கள். தோணிக்குள் தண்ணீர் வருகிறது, இஞ்சின் நின்றுவிட்டது என்றெல்லாம் செட்டில் வாயைத் திறந்து சொல்வது கிடையாது. சொன்னால் நடந்துவிடும் என்று ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம், வீட்டில் பெண்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்பது. தோணிக்காரர் வீட்டுக் குசினிகளில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதில் கேட்கலாம், பேச ஏலாது. ஆகவே எவ்வளவு பெரிய ஆபத்தென்றாலும் கதை இப்படித்தான் தொடங்கும்: "இண்டைக்கு என்ன ஆணம்?"

ஆணம் என்றால் கறி. கரையில் இருப்பவர் அன்றைய கறியைச் சொல்லிவிட்டு, "அங்க என்ன ஆக்கின?" என்று திருப்பிக் கேட்கவேண்டும். "சோறு வெந்திட்டு" என்று பதில் வந்தால் ஒன்றுமில்லை, ஆள் சும்மா கதைக்க எடுத்திருக்கிறார். "அடுப்பு நனஞ்சிட்டு" என்று வந்தால் தோணிக்குள் தண்ணீர். உடனே எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு படகை அனுப்பவேண்டும். குசினியில் இருக்கிற பெண்களுக்கும் இதெல்லாம் தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி எழும்பிப்போய் கைகால் கழுவி ஒளுச் செய்து தொழுகைப் பாயை விரிப்பார்கள். யாரும் யாருக்கும் எதையும் சொல்லியிருக்கமாட்டார்கள், எல்லாருக்கும் எல்லாம் விளங்கியிருக்கும்.

நிலையத்து வாசலில் ஒரு பித்தளை மணி தொங்கியது. மஹ்ரூப் ஓடிப்போய் அதை அடித்தால், மீட்புப் படகுக்காரர் சாப்பிட்ட கையோடு இறங்குதுறைக்கு ஓடுவார்கள். இப்படிப் பல தோணிகள் திரும்பி வந்திருக்கின்றன. அப்படித் திரும்பி வந்தவர்கள் நிலையத்துக்கு நன்றி சொல்லமாட்டார்கள். ஒரு சுறாத் துண்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, இன்றைக்கு என்ன ஆணம் என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போவார்கள். மேசையில் மீன் வைப்பதும் பிறகு தடைசெய்யப்பட்டது.

பணிப்பாளர் பிரகலாதன் கொழும்பில் ஒரு கருத்தரங்குக்குப் போய்த் திரும்பியதில் இருந்துதான் எல்லாம் தொடங்கியது. போகும்போது தனியாகப் போனவர், வரும்போது சுஜானி என்ற ஆலோசகரையும் கூட்டிக்கொண்டு வந்தார். சுஜானி நல்ல பிள்ளை. யாரையும் கடிந்து பேசமாட்டார். எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டே சொல்வார். அதனால் அவர் சொன்னது என்னவென்று விளங்குவதற்குள் அது அமுலுக்கு வந்துவிடும்.

முதல் கூட்டத்தில் பணிப்பாளர் எழும்பி நின்று பேசினார்.

"எங்களுடைய பிரச்சினை கடல் என்று இவ்வளவு காலமும் நினைத்துக்கொண்டிருந்தோம். அது தவறு. எங்களுடைய பிரச்சினை கவனம். கடல் எப்போதும் இருக்கும், கவனம்தான் இருப்பதில்லை. நான் இந்தக் கதிரையில் இத்தனை வருடம் இருந்தும் ஒரு வேலையைக்கூட முழுதாகச் செய்து முடித்ததில்லை. ஏன் தெரியுமா? யாராவது வந்து ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பீர்கள்."

எல்லோரும் கைதட்டினார்கள். மஹ்ரூபும் தட்டினார். பணிப்பாளர் சொன்னதில் உண்மை இருந்ததாகவே அவருக்குப் பட்டது.

பிறகு சுஜானி எல்லோருடைய தொலைபேசியிலும் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தார். அதன் பெயர் ஒருமுனை. அதைத் திறந்தால் ஒரு தாமரை மொட்டுத் தெரியும். யாரும் தொந்தரவு செய்யாமல் இருக்க இருக்க அது மெல்ல மெல்ல விரியும். நடுவில் யாரோடாவது கதைத்தால் வாடிவிடும். ஒவ்வொருவரின் தாமரையும் பெயரோடு கூடத்துச் சுவரில் ஒரு பெரிய திரையில் தெரிந்தது. முந்தி அந்த இடத்தில் கொட்டியாரக் குடாவின் வரைபடம் தொங்கியது. வரைபடத்தைச் சுருட்டி அலுமாரிக்குப் பின்னால் வைத்தார்கள். கண்ணில் படுவதெல்லாம் மனதையும் இழுக்கும் என்று சுஜானி விளக்கினார்.

தேநீர் கொண்டுவருகிற கதிராமன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டார். அதனால் அவருக்குத் தேநீர் வேலை போய், மணி அடிக்கிற வேலை கிடைத்தது. வாசலில் சும்மா தொங்கிக்கொண்டிருந்த அந்தப் பித்தளை மணியை வீணாக்காமல் பயன்படுத்த வேண்டும் என்று தீர்மானமாகியிருந்தது. மணி அடித்தால் ஆழ்ந்த கவன நேரம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். எல்லோரும் தொலைபேசியைக் குப்புற வைத்துவிட்டு, கண்ணை மூடி, மூச்சை உள்ளே இழுத்து, பிறகு வேலைக்குத் திரும்பவேண்டும். மீட்புப் படகுக்காரரும்தான். அவர்களுக்குத் தாமரை நன்றாக மலர்ந்தது. கடலுக்குப் போகாத நாட்களில் இன்னும் நன்றாக மலர்ந்தது.

வாடிக்கொண்டே இருந்தது மஹ்ரூபின் தாமரை ஒன்றுதான்.

எப்படி வாடாமல் இருக்கும். மொட்டு வாயைத் திறக்கப் பார்க்கும் நேரம் செட் கரகரக்கும். நிலாவெளியில் இருந்து ஒருவர் காற்று எப்படி என்று கேட்பார், இன்னொருவர் தன் மகளுக்குப் பிள்ளை கிடைத்துவிட்டதா என்று கேட்பார். கூடத்துத் திரையில் எல்லார் பூவும் பளபளவென்று இருக்க, மஹ்ரூபின் பெயருக்கு மேலே பழுப்பு நிறத்தில் ஒன்று தலை தொங்கிக் கிடக்கும். வருகிறவர் போகிறவரெல்லாம் அதைப் பார்த்தார்கள். ஐம்பதை நெருங்கிய மனிதருக்கு அது எவ்வளவு வெட்கமாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தொடர்ந்து வாடுகிறவர்களைக் குச்சவெளியில் உள்ள களஞ்சியத்துக்கு மாற்றப்போவதாகவும் கதை அடிபட்டது.

மஹ்ரூப் சுஜானியிடம் போனார்.

"மிஸ், ஆக்கள் எடுத்தா நான் கதைக்கத்தானே வேணும். அதுதானே என்ட வேலை."

"அது உங்களுடைய பழைய வேலை விபரம், மிஸ்டர் மஹ்ரூப். இப்போது உங்கள் வேலை கவனம் செலுத்துவது."

"எதில கவனம் செலுத்துற மிஸ்?"

"அதைப் பிறகு பார்ப்போம். முதலில் கவனம் வரட்டும்."

அடுத்த கூட்டத்தில் அவருக்கே ஒரு வாய்ப்புக் கொடுத்தார்கள். பேசுகிற ஒவ்வொருவருக்கும் முன்னால் ஒரு சின்ன மணற்கடிகாரத்தைக் கவிழ்த்து வைப்பார்கள். மணல் முடிந்தால் பேச்சும் முடிந்தது. ஆணம் கேட்கிற விஷயத்தை அன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் மஹ்ரூப் எழும்பினார். ஆனால் அவரும் கின்னியாக்காரர். நேரே விஷயத்துக்கு வருவது அவருக்கு மரியாதைக் குறைவாகப் பட்டது. பணிப்பாளரின் சுகத்தை விசாரித்தார். சுஜானிக்குத் திருகோணமலை வெயில் ஒத்துக்கொள்கிறதா என்று கேட்டார். தன்னுடைய வாப்பா கடலுக்குப் போன காலத்தில் இருந்து கதையைத் தொடங்கினார். மணல் முடிந்தபோது வாப்பா இன்னும் தோணியைத் தள்ளி முடிக்கவில்லை.

"அருமை," என்றார் சுஜானி. "ஒரு விஷயத்தைச் சுற்றி வளைத்துச் சொன்னால் எவ்வளவு நேரம் வீணாகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது."

எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்குத்தான் மஹ்ரூபுக்கு ஒரு வசன முறை வழங்கப்பட்டது. யார் அழைத்தாலும், "உங்கள் நோக்கத்தை ஒரு வசனத்தில் சொல்லுங்கள்" என்று கேட்கவேண்டும். வருகிற பதில் நோக்கமாக இருந்தால் பச்சைப் பொத்தான். சுகம் விசாரிப்பு, சாப்பாடு, பிள்ளை குட்டிக் கதை என்றால், "நோக்கம் பதிவாகவில்லை. நன்றி, வணக்கம்" என்று சொல்லிச் சிவப்புப் பொத்தானை அழுத்தவேண்டும். சிவப்பை அழுத்தினால் தாமரை வாடாது. அழைப்பு வரவேயில்லை என்றுதான் செயலி எடுத்துக்கொள்ளும்.

முதல் நாள் அதைச் சொன்ன பிறகு வாய் கசந்தது. கொஞ்ச நாளில் கசப்புப் போய்விட்டது. ஒரு நாள் பின்னேரம் அவருடைய தாமரை முழுதாக விரிந்து திரையில் தகதகத்தது. கதிராமன் வந்து தோளில் தட்டினார். பணிப்பாளர் தன் அறையில் இருந்து எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினார். மஹ்ரூபுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைப்பானேன், வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் தொலைபேசியைத் திறந்து திறந்து அந்தப் பூவையே பார்த்துக்கொண்டு போனார்.

தோணிக்காரரும் மெல்ல மெல்லச் செட்டை எடுப்பதை விட்டார்கள். அழைப்புகள் குறைந்துகொண்டே போனதைப் பார்த்த பணிப்பாளர், எங்கள் பிராந்தியத்தில் கடலில் ஏற்படும் பிரச்சினைகள் கணிசமாகக் குறைந்துவிட்டன என்று மேலிடத்துக்கு அறிவித்தார். மேலிடத்துக்கும் மகிழ்ச்சி.

விடாமல் எடுத்தது றுவைஸ் ஒருவர்தான். மஹ்ரூபின் தங்கச்சி ஷிஃபானாவின் மாப்பிள்ளை. நஸ்ரி என்ற பொடியனைக் கூட்டுக்கு வைத்துக்கொண்டு சொந்தத் தோணியில் போகிறவர். தினமும் காலையில் எடுத்து ஆணம் கேட்பார், மஹ்ரூப் தினமும் சிவப்பை அழுத்துவார். வெள்ளிக்கிழமைப் பகல் சாப்பாட்டுக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போனால் அதே கதைதான்.

"என்ன மச்சான், நீங்க செட்டில கதைக்கிறத்தப் பாத்தா அரசாங்கக் கச்சேரியில இரிந்து கடிதாசி வந்த மாதிரி இரிக்கி," என்று றுவைஸ் சிரிப்பார்.

"வேலை அப்பிடி மச்சான். நீங்க ஏன் சும்மா எடுக்கிறீங்க?"

"நான் கேக்காம வேற யாரு கேக்கிற? மச்சான் சாப்பிட்டாரா இல்லயா எண்டு எனக்குத் தெரிய வேணாமா."

அண்ணனைக் காக்கா என்று கூப்பிடுகிற ஷிஃபானா குசினியில் இருந்து சொல்வாள். "அவரு ஆணம் கேக்கிறதும் காக்கா நன்றி வணக்கம் சொல்றதும் கேட்டாத்தான் எனக்கு உல வெக்கவே மனம் வருது. ரெண்டு பேரும் உசிரோட இரிக்கிறாங்க எண்டு விளங்கும்."

மூவரும் சிரிப்பார்கள். சோற்றில் இன்னொரு அகப்பை விழும்.

வாடைக்காற்றுத் தொடங்கியிருந்த மாதம். கொழும்பில் இருந்து பெரிய ஆட்கள் நிலையத்தைப் பார்க்க வந்தார்கள். முன்மாதிரி மேசை என்று சுஜானி அவர்களை மஹ்ரூபின் பின்னால் கொண்டுவந்து நிறுத்தினார். மஹ்ரூப் இஸ்திரி போட்ட சட்டையில், காது முழுக்க மூடுகிற கருவியை மாட்டிக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தாமரை பாதி விரிந்திருந்தது. அழைப்பு ஒன்றும் வராமல் இருந்தால் முறையைக் காட்ட முடியாதே என்று அவருக்கு உள்ளூரக் கவலை.

செட் கரகரத்தது.

"மச்சான். இண்டைக்கு என்ன ஆணம்?"

நல்லவேளை என்று நினைத்தார் மஹ்ரூப். அதுதான் அவர் நினைத்தது.

"கரைத் தொடர்பு நிலையம். உங்கள் நோக்கத்தை ஒரு வசனத்தில் சொல்லுங்கள்."

கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு றுவைஸ் திரும்பவும் கேட்டார், ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாக. "மச்சான், நான் றுவைஸ். இண்டைக்கு என்ன ஆணம் எண்டு கேட்டன்."

"நோக்கம் பதிவாகவில்லை. நன்றி, வணக்கம்."

சிவப்புப் பொத்தான். பின்னால் நின்றவர்கள் மெதுவாகக் கைதட்டினார்கள்.

"சொந்த மைத்துனர்," என்று பணிப்பாளர் அவர்களுக்குத் தாழ்ந்த குரலில் சொன்னார். "இருந்தும் பாருங்கள். உறவு வேறு, கடமை வேறு. இந்த மனிதரைத்தான் நாங்கள் முதலில் குச்சவெளிக்கு அனுப்ப இருந்தோம்."

கதிராமன் மணியை அடித்தார். விருந்தினர் பணிப்பாளரின் அறைக்குள் போனார்கள். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. கூடம் முழுக்கத் தொலைபேசிகள் குப்புறக் கவிழ்ந்தன.

அடுத்த கொஞ்ச நேரத்துக்கு நிலையத்தில் எந்தத் தொந்தரவும் இருக்கவில்லை. மஹ்ரூபின் தாமரை இதழ் இதழாக விரிந்தது. முழுதும் விரிந்த சந்தோஷத்தில் நிமிர்ந்தபோதுதான் எதிரே யன்னலில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தார். படத்துக் கடல் நடுவில் புடைத்துக்கொண்டு நின்றது. தென்னையின் அடியில் இருந்து தண்ணீர் வழிந்து நிலத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. காதுக் கருவியைக் கழற்றினார். மழைச் சத்தம். எழும்பிப்போய் படத்தின் மூலையைப் பிடித்துக் கிழித்தார். வெளியே துறைமுகமே தெரியவில்லை. கறுத்த மேகம் தண்ணீர்மட்டத்துக்கு இறங்கியிருந்தது. இறங்குதுறையில் கட்டிக் கிடந்த வள்ளங்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தன.

அப்போதுதான் இரண்டாம் தரம் கேட்டபோது றுவைஸ் சிரிக்கவில்லை என்பது அவருக்கு நினைவு வந்தது.

செட்டை எடுத்து றுவைஸைக் கூப்பிட்டார். இரைச்சல். இன்னும் கூப்பிட்டார். இரைச்சல்தான். பணிப்பாளரின் அறைக்கு ஓடினார். வாசலில் சுஜானி ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"மிஸ், பணிப்பாளர் சேரைக் கொஞ்சம் கூப்பிடுங்க. என்ட மச்சான்ட தோணி."

"சிவப்பு விளக்கு எரிகிறது, மிஸ்டர் மஹ்ரூப்."

"அவசரம் மிஸ்."

"சரி. அவசரமா, முக்கியமா என்று முதலில் பிரித்துப் பார்ப்போம். அவசரமானதெல்லாம் முக்கியமல்ல, நாங்கள் படித்தோமல்லவா. உங்களுக்கு அவசரம். அது நிலையத்தின் இலக்குகளில் எதனோடு தொடர்புபடுகிறது?"

"காப்பாத்துறதோட மிஸ்."

சுஜானி உண்மையான வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "மீட்பை நாங்கள் இலக்குகளில் இருந்து எடுத்துவிட்டோம். மீட்பு இலக்காக இருந்தால் ஆபத்துகள் தேவைப்படும் அல்லவா? அது எதிர்மறையான சிந்தனை. கொஞ்சம் பொறுங்கள், விருந்தினர்கள் கண்ணைத் திறந்ததும் நானே சொல்கிறேன்."

மஹ்ரூப் வாசலுக்கு ஓடினார். கதிராமனைத் தள்ளிவிட்டு மணியின் கயிற்றைப் பிடித்து, கை வலிக்க வலிக்க அடித்தார். மீட்புப் படகுக்காரர் இருந்த கொட்டகை அங்கிருந்தே தெரிந்தது. மணிச் சத்தம் கேட்டு அவர்கள் இருவரும் ஒன்றாக நிமிர்ந்தார்கள். தொலைபேசிகளைக் குப்புற வைத்தார்கள். கண்ணை மூடி மூச்சை உள்ளே இழுத்தார்கள். அவர் அடிக்க அடிக்க இன்னும் ஆழமாக இழுத்தார்கள்.

கயிற்றை விட்டுவிட்டு அவர் செட்டுக்குத் திரும்பினார். அவருடைய வாப்பாவோ வாப்பாவின் வாப்பாவோ ஒருநாளும் செய்யாத காரியத்தை மஹ்ரூப் அன்றைக்குச் செய்தார். கின்னியாவின் எல்லாக் குசினிகளுக்கும் கேட்கிற அந்தச் செட்டில் வாயைத் திறந்து சொன்னார்.

"றுவைஸின்ட தோணி தாழுது."

மேசையில் இருந்த திரையில் எழுத்துகள் ஓடின. நோக்கம் பதிவாகியது. ஒரு வசனம். சிறப்பு.

கடைசியில் கின்னியாத் தோணிகள்தான் போயின, அந்தக் காற்றுக்குள், ஒன்றன் பின் ஒன்றாக. நஸ்ரியை ஒரு எண்ணெய்க் கானைக் கட்டிப்பிடித்தபடி கண்டுபிடித்தார்கள். றுவைஸ் மறுநாள் விடிய மூதூர்ப் பக்கம் கரை ஒதுங்கினார்.

அடக்கம் முடிந்த பிறகு பள்ளிவாசல் முற்றத்தில் நஸ்ரி மஹ்ரூபிடம் சொன்னான். சொல்லவேண்டாம் என்று பக்கத்தில் இருந்தவர்கள் கண் காட்டியும் சொன்னான். "நீங்க வெச்ச உடனே றுவைஸ் காக்கா சிரிச்சாரு. மச்சானுக்கு இண்டைக்கு ஆரோ பெரிய ஆக்கள் வந்திரிக்காங்க போல, பாவம், கொஞ்சம் பொறுத்து எடுப்பம் எண்டாரு. பொறுக்கிறத்துக்குள்ள செட்டும் நனஞ்சிட்டு."

மஹ்ரூப் எழும்பிப் போய்ச் செருப்பைத் தேடினார். கண்ணுக்கு முன்னால் கிடந்த செருப்பு அவருக்குத் தெரியவில்லை. அன்றைக்கு அவர் தங்கச்சி வீட்டுக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை.

விசாரணை நடந்தது. யாரும் யாரையும் குறை சொல்லாத மிகவும் கண்ணியமான விசாரணை. முடிவைப் பணிப்பாளர் ஊழியர்களுக்கு அறிவித்தார்.

"நடந்தது மிகவும் கவலைக்குரியது. ஆனால் கவலை எங்கள் கவனத்தைக் கலைக்க இடம்கொடுக்கக் கூடாது. தவறு எங்கே நடந்தது? அழைப்பு உடனே எடுக்கப்பட்டது. நோக்கம் கேட்கப்பட்டது. ஒரு தரம் அல்ல, இரண்டு சந்தர்ப்பம் கொடுக்கப்பட்டது. உயிர் போகப்போகிற ஒரு மனிதர், கறி என்ன என்று கேட்டிருக்கிறார். இதற்கு நிலையம் என்ன செய்ய முடியும்? எங்கள் முறையில் பிழை இல்லை. பிழை பாவனையாளர்களிடம் இருக்கிறது. ஆகவே வருகிற மாதத்தில் இருந்து, ஆபத்தில் இருக்கும்போது சுருக்கமாகப் பேசுவது எப்படி என்று மீனவர்களுக்குப் பயிற்சி கொடுக்கப்போகிறோம். மாவட்டத்திலேயே ஆகக் குறுகிய நேரத்தில் ஒரு அழைப்பைக் கையாண்டவர் என்ற வகையில், அந்தப் பயிற்சியை நடத்த மஹ்ரூபைவிடப் பொருத்தமானவர் கிடையாது. நானும் இதைச் சுருக்கமாகச் சொல்லி முடித்துவிட்டேன் என்பதைக் கவனித்திருப்பீர்கள்."

மஹ்ரூபின் சட்டையில் ஒரு சின்ன வெள்ளித் தாமரையைக் குத்தினார்கள். அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் போயிருக்கலாம். அவர் எறியவில்லை. குனிந்து நின்று குத்த விட்டார். குச்சவெளிக்குப் போனால் என்ன என்று கேட்கிற தைரியம் அவருக்கு முன்னாலேயே போய்விட்டிருந்தது.

கூட்டம் முடிந்ததும் சுஜானி அவரை ஒரு பக்கமாகக் கூப்பிட்டார். கண்கள் கலங்கியிருந்தன, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

"உங்கள் மைத்துனரின் கடைசி அழைப்பு எங்களிடம் பதிவாக இருக்கிறது. தெளிவில்லாத அழைப்பு எப்படி இருக்கும் என்று பயிற்சியில் போட்டுக் காட்ட அதைவிட நல்லது இல்லை. ஆனால் குடும்பத்தின் சம்மதம் இல்லாமல் செய்வது சரியில்லை. நீங்கள் தங்கச்சியிடம் கேட்டு வாருங்கள். கேட்பது உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும், எனக்கு விளங்குகிறது. அதனால் வசனத்தை நானே அமைத்து வைத்திருக்கிறேன்."

அவர் அந்த வசனத்தைச் சொல்லிக் கொடுத்தார். மஹ்ரூப் பஸ்ஸில் அதைப் பாடமாக்கிக்கொண்டு போனார். மறைந்த றுவைஸின் குரலைப் பயிற்சிக்குப் பயன்படுத்த உங்கள் சம்மதம் தேவை. பாலத்தைத் தாண்டும்போது வெளியே பார்க்காமல் சொல்லிப் பார்த்தார். சட்டைப்பையில் கை வைத்தபோது அந்தத் தாமரை ஊசி குத்தியது. அப்போதுதான் அதைக் கழற்றிக் காற்சட்டைப் பைக்குள் போட்டார்.

தங்கச்சி வீட்டு முற்றத்தில் ஒருவரும் இல்லை. குசினிக் கதவு திறந்து கிடந்தது. பக்கத்து வீடுகளில் இருந்து வந்த சாப்பாட்டுச் சட்டிகள் மூடியபடி வரிசையாக இருந்தன, ஒன்றும் திறக்கப்படவில்லை. மாடத்தில் அந்தச் சின்னப் பெட்டி இருந்தது. அதன் பச்சை வெளிச்சம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. றுவைஸ் கடைசியாக எடுத்த அன்று காலையில் அதற்கு முன்னால்தான் அவள் உலை வைக்கக் காத்துக்கொண்டிருந்திருப்பாள். இரண்டு பேருடைய குரலும் அவளுக்குக் கேட்டிருக்கும். இரண்டாம் தரம் கேட்டபோது அவர் சிரிக்கவில்லை என்பது அவளுக்கு உடனேயே தெரிந்திருக்கும். பேச ஏலாத பெட்டி. அதைப் பிடித்துக்கொண்டு அவள் என்ன செய்திருப்பாள்?

ஷிஃபானா, கணவனை இழந்தவள் ஒதுங்கியிருக்கிற இத்தா இருந்த அறையின் கதவைத் திறந்துகொண்டு வாசலில் நின்றாள். வெள்ளை உடுத்தியிருந்தாள். காக்காவைப் பார்த்து அவள் அழவுமில்லை, வாங்க என்று சொல்லவுமில்லை. அவருடைய சட்டையில் ஊசி குத்திய இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வந்த நோக்கத்த ஒரு வசனத்தில சொல்லுங்க காக்கா."

வசனம் அவரிடம் இருந்தது. பிழையில்லாமல் பாடமாக இருந்தது. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். திறந்த வாயில் அது வரவில்லை. உள்ளே எங்கேயோ தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அதைச் சொல்ல அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்.

"தங்கச்சி," என்றார். "இண்டைக்கு என்ன ஆணம்?"

அவர் காத்துக்கொண்டு நின்றார். அங்க என்ன ஆக்கின காக்கா என்று அவள் ஒரு சொல் திருப்பிக் கேட்டால் போதும், அந்த இடத்திலேயே விழுந்து அழுதிருப்பார். அவளுக்கும் அது தெரியும்.

"நோக்கம் பதிவாகவில்லை," என்றாள் ஷிஃபானா. "நன்றி, வணக்கம்."

கதவை அவள் மெல்லத்தான் சாத்தினாள்.